விதிகளின் மீதான போட்டி: 1800 அமெரிக்கத் தேர்தலும் கட்சிகளின் உருவாக்கமும்

1787இல் அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தவர்கள் அதில் கட்சிகளுக்கு இடம் வைக்கவில்லை. கட்சிப் பிளவு குடியரசைக் கெடுக்கும் என்பதே அவர்களிடையே பரவலாக நிலவிய கருத்து. 1796இல் ஜார்ஜ் வாஷிங்டன் வெளியிட்ட பிரியாவிடை உரையும் அதையே எச்சரித்தது. ஆயினும் அவரது அமைச்சரவையிலேயே அலெக்சாண்டர் ஹாமில்டனும் தாமஸ் ஜெபர்சனும் தேசிய வங்கி, பொதுக்கடன், வெளியுறவு ஆகியவற்றில் எதிரெதிராக நின்றனர். இக்கொள்கை வேறுபாடு, ஹாமில்டன் பக்கம் பெடரலிஸ்டுகள், ஜெபர்சன் பக்கம் குடியரசுக் கட்சியினர் என்ற பிளவு தோன்றியதை விளக்கும். அப்பிளவு நாடு தழுவிய அமைப்பாக இறுகியதை அது முழுமையாக விளக்காது. அதற்கான விடை தேர்தல் விதிகளில் இருக்கிறது.

குடியரசுத் தலைவரைத் தேர்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்களை அமர்த்தும் முறையை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் முடிவு செய்தது. ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள். எது தலைவருக்கு, எது துணைத் தலைவருக்கு என்ற பாகுபாடு இல்லை. 1796இல் பெடரலிஸ்டான ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகளும் ஜெபர்சன் 68 வாக்குகளும் பெற்றதால், தோற்றவரே வென்றவருக்குத் துணைத் தலைவரானார். ஜெபர்சனின் கோட்டையான வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் ஆடம்ஸுக்குத் தலா ஒரு வாக்கு விழுந்திருந்தது. அவ்விரண்டும் ஜெபர்சனுக்குக் கிடைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இந்தக் கணக்கை இரு தரப்பும் மறக்கவில்லை. 1800இல் வர்ஜீனியா தொகுதிவாரித் தேர்வைக் கைவிட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்ற முறைக்கு மாறியது. அதன் 21 வாக்குகளும் ஜெபர்சனுக்குச் சென்றன. பெடரலிஸ்டுகளின் பிடியிலிருந்த மாசசூசெட்ஸில் தேர்வாளர்களை நியமிக்கும் உரிமையைச் சட்டமன்றம் தானே எடுத்துக்கொண்டது. 16 வாக்குகளும் ஆடம்ஸுக்குக் கிடைத்தன. 16 மாநிலங்களில் 5 மட்டுமே அவ்வாண்டு மக்கள் வாக்கால் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தன.

இதனால் மாநிலச் சட்டமன்றத் தேர்தலே தலைவர் தேர்தலாகியது. நியூயார்க் இதற்குத் தெளிவான சான்று. அங்கே ஜெபர்சன் தரப்பைச் சேர்ந்த ஏரன் பர், முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் கிளிண்டன், படைத்தலைவர் ஹொரேஷியோ கேட்ஸ் போன்ற புகழ்பெற்றவர்களை நகரச் சட்டமன்ற வேட்பாளர்களாக நிறுத்தினார். நகரின் இடங்கள் அனைத்தும் குடியரசுக் கட்சி வசமாயின. மாநிலத்தின் 12 தேர்வாளர்களும் கைமாறுவது உறுதியானது. தேர்வுமுறையை மாற்றப் பழைய சட்டமன்றத்தையே மீண்டும் கூட்டுமாறு ஹாமில்டன் ஆளுநர் ஜான் ஜேயை வேண்டினார். ஜே அதற்கு இணங்கவில்லை.

வேட்பாளர் தாமே வாக்குக் கேட்பது இழிவென்று கருதப்பட்ட காலத்தில் பரப்புரையைச் செய்தித்தாள்கள் சுமந்தன. அவற்றை அடக்க, அரசைப் பொய்யாகப் பழித்தெழுதுவதைக் குற்றமாக்கும் சட்டத்தைப் பெடரலிஸ்டுகள் 1798 ஜூலையில் கொண்டுவந்தனர். அரசு, காங்கிரஸ், தலைவர் ஆகியோருக்கு அச்சட்டம் பாதுகாப்பளித்தது. ஜெபர்சன் வகித்த துணைத் தலைவர் பதவியை அதில் சேர்க்கவில்லை. வெர்மான்ட்டின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் அதன்கீழ் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்க்கட்சி ஏடுகளின் எண்ணிக்கையும் குறையவில்லை, கூடியது.

கட்சிக் கட்டுப்பாடு முழுமையானபோது விதியின் குறை வெளிப்பட்டது. ஜெபர்சனும் அவருக்குத் துணையாக நிறுத்தப்பட்ட பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றனர், ஆடம்ஸுக்கு 65. முடிவு, பெடரலிஸ்டுகள் பெரும்பான்மை பெற்றிருந்த பிரதிநிதிகள் அவைக்குச் சென்றது. 1801 பிப்ரவரி 17இல், 36ஆவது வாக்கெடுப்பில்தான் ஜெபர்சன் வென்றார்.

அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட விதி தென் மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர்களைத் தந்தது. அந்த வாக்குகள் இல்லாமல் ஜெபர்சன் வென்றிருக்கமாட்டார் என்ற வாதம் வலுவானது. அதுவும் விதிகளின் வலிமையையே காட்டுகிறது.

1804இல் நிறைவேறிய 12ஆவது திருத்தம் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனி வாக்குகளை ஏற்படுத்தியது. கட்சி என்ற பெயரை அத்திருத்தம் எங்கும் குறிப்பிடவில்லை. ஆயினும் கட்சிகள் இணை வேட்பாளர்களை நிறுத்துவதை ஏற்றுக்கொண்டே அது எழுதப்பட்டது. கட்சியை விலக்க எண்ணிய அரசியலமைப்பு, பதினேழே ஆண்டுகளில் கட்சிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது.