ஈயம் கட்டிய வேண்டாத பாலம்

கிள்ளான் ஆற்றின் மேல் கோத்தா பாலம் இருப்பதால் அக்கரைக்கும் இக்கரைக்கும் நாம் எளிதாகப் போய் வருகிறோம். பாலம் என்றால் நன்மை என்றே நமக்குப் பழக்கம். ஆனால் உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்குள் ஒரு பாலம் தவறான இடத்தில் விழுந்துவிட்டால் பெட்டி ஊமையாகிவிடும். அது ஓர் எள்ளளவு ஈயத் துளிதான். அது ஏன் விழுகிறது, விழாமல் தடுக்க என்ன வழி கண்டார்கள் என்பதை இன்று பார்ப்போம். நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் கைபட்ட கதை இது.

முதலில் ஈயம். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே அம்பாங் காட்டுக்கு அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் கண்டு, 18 பேரே மிஞ்சினர். அந்த ஈய லம்பங்களை ஒட்டி வளர்ந்த ஊர்தான் கோலாலம்பூர். இந்த வெள்ளீயத்தில் 63 பங்கும் காரீயத்தில் 37 பங்கும் கலந்தால் 183 பாகைச் சூட்டிலேயே உருகும். தனி வெள்ளீயத்திற்கோ 232 பாகை வேண்டும். எளிதில் உருகி, உடனே இறுகும் இந்தக் கலவையே மின்கருவிகளை ஒட்டவைக்கும் பற்றாசு.

ஆரம்பத்தில் வானொலிக்குள் ஒவ்வொரு கம்பியையும் கையாலேயே பற்றவைத்தார்கள். 1936-இல் இலண்டனில் பால் ஐஸ்லர் என்பவர் கம்பிக்குப் பதிலாகப் பலகையில் செம்புத் தடங்களை அமைத்து ஒரு வானொலி செய்தார். 1956-இல் இங்கிலாந்தின் பிரைஸ் மெட்டல் நிறுவனம் அலைமுறைப் பற்றவைப்பைக் கொண்டு வந்தது. தொட்டியில் உருகிய ஈயம் இருக்கும். பம்பு அதை மேலே தள்ள, அணையில் நீர் வழிவதுபோல ஓர் அலை எழும்பி வழியும். பலகை சற்றுச் சாய்ந்தபடி, அந்த அலையின் முகட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டு மூன்று நொடியில் கடந்துவிடும். நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே தடவையில் பற்றிக்கொள்ளும்.

இந்த இயந்திரங்கள் நம் பக்கம் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1971-இல் நம் நாட்டில் சுதந்திர வாணிப வளாகச் சட்டம் வந்தது. சுங்கைவேயிலும் உலு கிள்ளானிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஷா ஆலாம் நகரமும் அதன் தொழிற்பேட்டையும் எழுந்த இடம் முன்பு சுங்கை ரெங்கம் எனப்பட்ட தோட்ட நிலம். ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணுக்கே தோட்டத்துப் பெண்கள் பேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள்.

சரி, பாலம் ஏன் விழுகிறது? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நவச்சாரம் போட்டுத் தேய்க்காமல் அவர் ஈயம் வைக்கமாட்டார். செம்பின் மேலும் ஈயத்தின் மேலும் காற்றால் படியும் ஆடையை அது நீக்குகிறது. அலைமுறையில் இந்த வேலையைச் செய்வது பிளக்ஸ் என்னும் சரக்கு. வெகுகாலம் அது பைன் மரத்துப் பிசினில் செய்யப்பட்டது. நாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது போலவே, பைன் மரத்தையும் கீறித்தான் அந்தப் பிசினை எடுக்கிறார்கள்! பலகை அலையை விட்டு விலகும் நொடியில் பிளக்ஸ் போதாமல் போனால், ஈயம் தன் ஆடையோடு இழுபட்டுப் பக்கத்துக் கால்களுக்கிடையே தங்கி இறுகிவிடும். அதுவே பாலம்.

ஆகவே தடுப்பு வேலை அலைக்கு முன்பே தொடங்கவேண்டும். பிளக்ஸ் பலகை முழுதும் சமமாகப் படவேண்டும். அலைக்குப் போகுமுன் பலகையை 100 பாகையளவு சூடேற்றுவார்கள். குளிர்ந்த பலகை ஈயத்தின் சூட்டைக் குடித்துவிடும். சூடு மிஞ்சினாலோ பிளக்ஸ் முன்பே தீர்ந்துபோகும். அலை உயர்ந்தால் ஈயம் அதிகம் ஏறும். கால்கள் நீண்டிருந்தால் ஒன்றையொன்று பிடிக்கும். வரிசையில் கடைசியாக அலையை விட்டு விலகும் கால்களில்தான் பாலம் மிகுதி. அதற்குப் பலகையை வரைபவரே, அந்தக் கால்களுக்குப் பின்னால் ஒரு வெறும் செம்புத் திட்டை வைத்துவிடுவார். மிஞ்சிய ஈயத்தை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் கருத்தில் மிக அழகான உபாயம் இதுதான். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் காரீயத்துக்குத் தடைபோட்டது. காரீயம் நஞ்சு என்பதால் அது சரியே. ஆனால் அதன்பின் வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு 217 பாகைக்கு மேல் வேண்டும். வேலை இன்னும் கடினமாயிற்று.

எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் 1980-களில் அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். அலையைக் கடந்துவரும் பலகைகளில் பாலங்களைத் தேடிச் சூட்டுக்கோலால் எடுத்துவிடுவது அவர் வேலை. ஒரு மாதம் பாலங்கள் பெருகின. சிலவற்றை அவர் கண் தவறவிட்டது. ‘உனக்குக் கண் தெரியவில்லையா?’ என்று மேற்பார்வையாளர் ஏசினார். சம்பளத்தில் ஊக்கத்தொகையும் போயிற்று. பெரியம்மா பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் பலகையின் படத்தை வரைந்து, பாலம் கண்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்தார். பத்து நாளில் புள்ளிகள் எல்லாம் பலகையின் இடது ஓரத்தில் கூடிவிட்டன. எரிச்சலோடு வாங்கிப் பார்த்த டெக்னீசியன் பிளக்ஸ் தொட்டியைத் திறந்தார். நுரை எழுப்பும் கல்லின் துளைகள் இடப்பக்கத்தில் அடைத்துக் கிடந்தன. அங்கே நுரை பலகையைத் தொடவேயில்லை.

கல்லை மாற்றினார்கள், பாலங்கள் குறைந்தன. பெரியம்மாவுக்கு ஊக்கத்தொகை மட்டும் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தை இன்னமும் அலமாரியில் வைத்திருக்கிறார்.