றேடியோ வந்தாப் பொறகு

எனது உயர்தர வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வெகுசனக் கலைகளில் எது உங்கள் வீட்டின் அன்றாடத்தை மாற்றியது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும்.

பையன்கள் அப்பாமாரிடம் கேட்டார்கள். "செய்தி மட்டுந்தான் கேட்ட" என்பதே பெரும்பாலும் பதிலாக இருந்தது. ஒரு மாணவி தன் மூத்தம்மாவின் வார்த்தையைக் கொண்டுவந்தாள்: "வாப்பா கடைக்குப் போனாப் பொறகு பாட்டும் கேட்டம் புள்ள. றேடியோ வந்தாப் பொறகுதான் மணி பாத்து ஒல வெச்ச."

அந்தப் பெட்டிக்குள் வந்த குரலின் கதை போரில் தொடங்குகிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. படையினருக்காகக் கொழும்பிலிருந்து றேடியோ சியாக் ஒலித்தது. அதற்கென ஏக்கலையில் அமைத்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இயங்கத் தொடங்கியபோது போரே முடிந்திருந்தது. 1949இல் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமானது.

1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கினார். நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். பற்பசை விளம்பரத்தோடு வந்த அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா பம்பாயில் பதிவாகி, இங்கிருந்துதான் ஒலித்தது. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி, இந்தியா தன் நேயர்களை மீட்க முயன்றது.

வர்த்தக சேவை விற்றது பாட்டையல்ல, நேரத்தை. விளம்பரதாரர் காசு கொடுத்தது நிமிடங்களுக்கு. அதனால் நிகழ்ச்சி பிந்தக் கூடாது. அந்த ஒழுங்கு அப்படியே அடுப்படிக்குள் வந்தது. பின்னர் நோன்பு திறக்கும் பாங்குக்கும் பெருநாள் பிறைச் செய்திக்கும் அதே பெட்டியைச் சுற்றி வீடே காத்திருந்தது.

"அப்ப இது பாட்டு வரலாறு இல்ல சேர், மணிக்கூட்டு வரலாறு" என்றான் ஒரு மாணவன். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் வரலாறுகளில் பள்ளிவாசல் நிருவாகிகள் இருக்கிறார்கள், அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். அடுப்படியில் நின்று கேட்டவர்கள் இல்லை. அப்பாமாரோடு நிறுத்தியிருந்தால், முஸ்லிம் வீடுகளில் செய்தி மட்டுமே கேட்டார்கள் என்று நாமும் எழுதி முடித்திருப்போம். குறிப்பேடு நிறையுமுன்னே, எங்களிடம் பேசியவர்களில் இருவர் மௌத்தாகிவிட்டார்கள். மிச்சமிருக்கும் மூத்தம்மாமாரிடம் இந்த விடுமுறையிலேயே போகச் சொல்லியிருக்கிறேன்.