பேத்தையின் பெயரும் பேத்தையின் பல்லும்

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமையை ஆராய்ந்து அறிக்கை தர அனுப்பப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொள்ளேகாலம் வழியாக வந்து, காவேரிபுரம் கணவாயில் இறங்கிக் கோயம்புத்தூரை அடைந்தார். கோபிநத்தம் இருப்பது அந்தக் கணவாய்ப் பகுதியில்தான். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பின்னர் மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம் என அதன் ஆட்சி எல்லை மாறியது. ஊர்ப்பேச்சு தமிழாகவே நின்றது. (வீரப்பன் பிறந்த ஊர் என்பதைத் தவிர இவ்வூரைப் பற்றி எழுதுவோர் வேறெதையும் எழுதுவதில்லை, அது தனிக் குறை.)

1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த புக்கானனின் பயணநூலைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். பயிர், மண், கருவி, குடி எதுவாயினும் அவ்வூரார் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதுவது அவர் வழக்கம். ஒலிபெயர்ப்பில் பிழை உண்டு, ஆயினும் கேட்டிருக்கிறார். இவ்வழக்கம் மைசூரோடு முடியவில்லை. பிற்காலத்தில் ஹாமில்டன் என்ற பெயர் பூண்ட அவர், 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, அறிவியற் பெயரின் இரண்டாம் உறுப்பாக வங்காள மீனவர் வாய்ச்சொற்களையே பல இடங்களில் வைத்தார். பேத்தை இனங்களுள் ஒன்று 'குட்குட்டியா' ஆயிற்று. மற்றொன்று 'பட்டோகா' ஆயிற்று. பட்டோகா என்பது வங்காளத்துப் 'பொட்கா'வின் திரிபு. மீனின் காற்றுப்பைக்கும் வெடிக்கும் அங்கு அச்சொல்லே வழங்குகிறது.

பேத்தைக்குப் பல மொழிகள் இட்ட பெயர்களை அருகருகே வைத்தால் ஒரே கண் அவை அனைத்திலும் தெரிகிறது. வங்காளிக்கு அது காற்றுப்பை. மலையாளிக்கு 'ஆற்றுண்ட', அதாவது ஆற்றிலுள்ள உருண்டை. ஆங்கிலத்தானுக்கு ஊதுமீன், கோளமீன். சீன எழுத்தில் ஆற்றுப்பன்றி; ஜப்பானியரும் அதே எழுத்துகளையே எழுதி 'ஃபுகு' என்று படிக்கின்றனர். உப்பிய வயிறே எங்கும் பெயராகியிருக்கிறது. விதிவிலக்கு கிரேக்கச் சொற்களால் அமைந்த பேரினப் பெயர்: லின்னேயஸ் 1758இல் இட்ட 'டெட்ராடான்', அதாவது நாற்பல்லன்.

வீட்டுத் தொட்டியில் பெரிய நன்னீர்ப் பேத்தையை வளர்ப்போர்க்கு இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டுமன்று. லின்னேயஸ் பெயரிட்டவற்றுள் ஒன்று நைல் ஆற்றுப் பேத்தை. 'ஃபஹாகா' என்ற அரபுப் பெயராலேயே இன்றும் விற்கப்படுகிறது. ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் வளரும். காங்கோ வடிநிலத்து 'ம்பு' பேத்தை, பூலாஞ்சே 1899இல் விவரித்தது, 60 சென்டிமீட்டரையும் கடக்கும். இவற்றின் மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பல்தகடுகள் இணைந்து அலகாகின்றன. அத்தகடுகள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆற்றில் நத்தையோட்டையும் மட்டியையும் நண்டையும் நொறுக்குவதால் வளர்ச்சியும் தேய்மானமும் ஈடாகின்றன. தொட்டியில் தோலுரித்த இறாலும் மென்புழுவுமே கிடைத்தால் தேய்மானம் நிற்கிறது, வளர்ச்சி நிற்பதில்லை. சில மாதங்களில் அலகு நீண்டு வாயை அடைக்கிறது. மீன் இரையை நோக்கி வருகிறது, கவ்வ முயல்கிறது, விட்டுவிடுகிறது. உரிமையாளர் அதைப் பசியின்மை என்று எண்ணி மருந்து ஊற்றுகிறார். மீனோ பசியால் இறக்கிறது. அந்நிலையில் செய்யக்கூடியது, அளவாகக் கரைத்த கிராம்பு எண்ணெயால் மீனை மயக்கி, ஈரத்துணியில் பிடித்து, சிறு வெட்டியால் அலகு நுனியை நறுக்குவது. தேர்ந்த கைக்கே உரிய வேலை. ஓட்டோடு நத்தை கொடுத்து வந்திருந்தால் பெரும்பாலும் தேவைப்பட்டிராத வேலையும்கூட.

உணவில் இன்னொரு நுட்பமும் உண்டு. மட்டியும் சிலவகை இறாலும் தயமினேஸ் என்ற நொதியைக் கொண்டவை. நாள்தோறும் அவற்றையே பச்சையாகக் கொடுத்தால் மீனுக்கு பி1 வைட்டமின் குறைகிறது. நத்தை, நண்டு, மண்புழு என மாற்றிமாற்றித் தருவதே முறை. ஊனுண்ணும் மீனாதலால் கழிவு மிகுதி. அம்மோனியாவைத் தாங்கும் உடலும் அன்று. வளர்ந்த ஃபஹாகாவுக்குக் குறைந்தது 500 லிட்டர், வாரந்தோறும் பாதியளவு நீர்மாற்றம், குளோரின் நீக்கிய நீர், உடன்வாழ் மீன் வேண்டாம் என்பது வளர்ப்போர் அனுபவத்தில் கண்ட கணக்கு. ம்புவுக்கு வேண்டுவதோ பல்லாயிரம் லிட்டர். அது வீட்டுக்கூடத்திற்குரிய மீன் அன்று என்று சொல்லிவிடுவதே நேர்மை.

வயிற்றைப் பார்த்த பெயர் செய்யும் கேடு இங்கே புரியும். ஊதுமீன் என்று கேட்டு வாங்கியவர் ஊதக் காண விரும்புகிறார். விருந்தினர் முன் அதைச் சீண்டுகிறார். உப்புதல் மீனுக்கு அச்சத்தின் வெளிப்பாடு. வலையில் நீருக்கு மேல் தூக்கினால் நீருக்குப் பதில் காற்றை விழுங்குகிறது. அக்காற்றை வெளியேற்ற இயலாமல் தலைகீழாக மிதந்து மடிவதுமுண்டு. இடம் மாற்ற வேண்டின் நீரோடு பாத்திரத்தில் முகந்தெடுப்பதே முறை.

ஹாமில்டனும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். மீனவர் சொல்லைக் கேளாமல் இலத்தீனில் தாமே இட்ட பெயர் ஒன்று அதே நூலில் உண்டு: 'ஃப்ளூவியாட்டிலிஸ்', ஆற்றுக்குரியது. அம்மீன் கழிமுகத்தின் உவர்நீரிலும் வாழ்வது. 'ஆற்று மீன்' என்ற நம்பிக்கையில் நன்னீர்த் தொட்டியில் விடப்பட்டுச் சிறுகச்சிறுக நலிவது அதற்கு இன்றும் நேர்கிறது.

தமிழில் கடற்கரையார் பேத்தை என்கின்றனர், முள்ளுடையது முள்ளம்பேத்தை. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு (காவேரிபுரத்தை அடுத்துள்ள கொளத்தூர் வேறு) இச்சொல் வந்து சேரவில்லை. அவ்வணிகத்தில் எல்லாம் 'பஃபர்' தான். பம்பையாற்றிலிருந்து ஹோராவும் நாயரும் 1941இல் விவரித்த திருவிதாங்கூர்ப் பேத்தை, முழு வளர்ச்சியிலும் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாதது, அச்சொல்லுக்குள் அடங்குகிறது. விரலளவுக் குஞ்சாக வந்திறங்கும் ஃபஹாகாவும் அடங்குகிறது. முன்னதற்கு நாற்பது லிட்டர் போதும். பின்னதும் அதே நாற்பது லிட்டர்த் தொட்டிக்கே வீடு போய்ச் சேர்கிறது.