திரைக்குள் ஒரு தீவு

ஆனி மாதப் பௌர்ணமியன்று நீங்கள் காரைக்காலுக்கு வந்திருக்கிறீர்களா? அன்று மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மொட்டைமாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வரும். அவற்றைப் பிடிக்க ஆயிரம் கைகள் உயரும். மேளம், நாகசுரம், வெயில், வியர்வை, நெரிசல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆனந்தம். அதே வீதியில், இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் ஒரு சிறுவனையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 'பயந்த பிள்ளை' என்று எண்ணிக்கொண்டு நகர்ந்திருப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நகர்ந்தேன்.

பௌதிகம் கற்பிப்பவன் என்பதால் வானொலிப் பெட்டியை உவமையாகச் சொல்கிறேன். வானொலியின் ஏரியலில் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் வந்து மோதுகின்றன. நாம் குமிழைத் திருகியதும் உள்ளேயிருக்கும் ஒத்திசைவுச் சுற்று ஒன்றை மட்டும் ஓங்கச் செய்து மற்றவற்றை அடக்கிவிடுகிறது. கூட்டத்தில் நண்பர் பேசும்போது நம் மூளையும் ஏறக்குறைய இதையே செய்கின்றது. அவர் குரல் கேட்கிறது. மேளம் பின்னே போய்விடுகிறது. ஆட்டிசம் உடையவர்களில் பலருக்கு இந்த அடக்கல் நம்மைப்போல் நடப்பதில்லை. மேளமும், குழல்விளக்கின் ரீங்காரமும், சட்டைக் காலரின் உறுத்தலும், நண்பரின் குரலும் ஒரே வலிமையோடு வந்து நிற்கின்றன. இது உவமைதான், முழு விளக்கம் அன்று. ஆயினும் இனி சொல்லப்போகும் வரலாற்றுக்கு இது துணை செய்யும்.

ஆட்டிசம் என்பதற்கு நம் அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று ஒரு நீண்ட தொடர் வழங்குகிறது. அந்தத் தொடர் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். 1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதே போன்ற சிறுவர்களைப் பற்றி எழுதினார். இவ்விருவருக்கும் முன்பே, 1925-இல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களை விவரித்திருந்தார்; உலகம் அவரை மறந்துபோயிற்று. கானர் கவனித்த ஒன்றை மட்டும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். அவர் கண்ட குழந்தைகள் மனிதர்களிடமிருந்து விலகினார்களே தவிர, பொருள்களோடு நன்றாகவே பழகினார்கள். சுழலும் பொருளும், அடுக்கும் பொருளும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. பொருள்கள் சொன்ன சொல் மாறுவதில்லை அல்லவா!

பொருள்களில் மிகவும் சொல் மாறாத பொருள் ஒன்று இந்த நூற்றாண்டுகளின் நடுவே பிறந்தது. அதுதான் கணிப்பொறி. 1960-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கென்னத் கோல்பி, பேசாத குழந்தைகளை ஒரு விசைப்பலகையின் முன் உட்கார வைத்தார். குழந்தை ஒரு விசையைத் தட்டும். திரையில் எழுத்து தோன்றும். ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். ஆயிரம் முறை தட்டினாலும் கணிப்பொறி அலுத்துக்கொள்வதில்லை, முகம் சுளிப்பதில்லை. குழந்தைகளில் பலரிடம் மொழி முன்னேற்றம் கண்டதாக அவர் எழுதினார். பயிற்சி பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை அது. எனவே அதை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது.

1976-இல் எடின்பரோவில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே தரையில் ஊர்ந்து கோடு வரையும் 'ஆமை' ஒன்று இருந்தது. 'முன்னே போ', 'வலப்பக்கம் திரும்பு' என்று லோகோ என்னும் கணிப்பொறி மொழியில் கட்டளையிட்டால் அந்த இயந்திரம் அப்படியே செய்யும். சில்வியா வெயர், ரிக்கி இமானுவேல் என்ற இருவர் ஆட்டிசமுடைய ஒரு சிறுவனிடம் இந்த ஆமையை ஒப்படைத்தனர். பெரியவர்களோடு ஒட்டாத அச்சிறுவன், ஆமை தன் சொல் கேட்டு நகர்ந்ததும், அதைப் பற்றிச் சுற்றியிருந்தவர்களிடம் பேசத் தொடங்கினான். அந்த இயந்திரம் மனிதர்களுக்கு மாற்றாக அமையவில்லை. மனிதர்களிடம் போவதற்கு ஒரு நடைபாலமாக அமைந்தது.

அதன்பின் வந்த முயற்சிகளில் ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். 1996-இல் வட கரோலினாவைச் சேர்ந்த டோரதி ஸ்ட்ரிக்லாண்டும் அவர் குழுவினரும் ஆட்டிசமுடைய இரண்டு குழந்தைகளின் தலையில் ஒரு கனத்த கவசத்தை மாட்டினர். கவசத்துக்குள் ஒரு மெய்நிகர் தெரு தெரியும். அதில் கார் வரும். சாலையைக் கடக்கும் பாடத்தை அடிபடும் அபாயமின்றி அங்கே படிக்கலாம். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனாலும், தெருவின் இரைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த முதல் தெருக்களில் அது ஒன்று.

இதுவரை சொன்னவற்றில் ஒரு பொது அம்சத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் பெரியவர்கள் செய்தார்கள்; குழந்தையைத் திருத்துவதற்காகச் செய்தார்கள். அந்த உலகங்களில் குழந்தை ஒரு நோயாளி அல்லது மாணவன். குடிமகன் அல்லன்.

குடிமக்கள் உள்ள கணிப்பொறி உலகம் வேறொரு வழியில் பிறந்தது. 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஒரு விளையாட்டு எழுதினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதில் படமே கிடையாது. காடும் வீடும் எல்லாம் வாக்கியங்கள்தாம். ஆனால், பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு முனைகளிலிருந்து அதற்குள் நுழைந்து ஒருவரையொருவர் சந்திக்கலாம். படங்கள் பின்னால் வந்தன. 2003-இல் சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்ற உலகைத் திறந்தது. அங்கே நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், ஓர் உருவம் பூண்டு உலாவலாம். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பியல் துறையில் பணியாற்றிய ஜான் லெஸ்டர், ஆஸ்பெர்கர் வகையினருக்காக அவ்வுலகில் 'பிரிகடூன்' என்ற தனித் தீவை அமைத்தார். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே அதற்குள் வரலாம். வந்தவர்கள் தாங்களே வீடுகளைக் கட்டினார்கள், தோட்டமிட்டார்கள், அண்டை வீட்டாரோடு பேசினார்கள்.

எப்படிப் பேசினார்கள் என்பதுதான் முக்கியம். 2007-இல் குரல்வசதி வரும்வரை செகண்ட் லைஃபில் எல்லோரும் தட்டச்சில்தான் பேசியாக வேண்டும். நேருக்கு நேர் உரையாடலில் சொல், குரலின் ஏற்ற இறக்கம், கண், புருவம், கை என ஐந்தாறு அலைவரிசைகளில் செய்தி ஒரே கணத்தில் வருகிறது. பதிலும் அரை விநாடிக்குள் வர வேண்டும். தாமதித்தால் 'திமிர் பிடித்தவன்' என்போம். தட்டச்சில் ஒரே அலைவரிசைதான். வந்த சொல் திரையில் அப்படியே நிற்கிறது; இன்னொரு முறை படிக்கலாம். பதிலுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டாலும் எவரும் கோபிப்பதில்லை. கண்ணைப் பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேசாத ஒருவரின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்விக்கும் ஒரு முறை 1990-களில் பரபரப்பாயிற்று. சோதித்துப் பார்த்தபோது சொற்கள் கை பிடித்தவருடையவை என்று தெரிந்தது. நான் சொல்வது அதைப் பற்றி அன்று. தம் விரலால் தாமே தட்டுகிறவர்களைப் பற்றியே சொல்கிறேன்.

எங்கள் காரைக்காலின் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு. பேச்சும் சோறும் உறவும் ஒன்றே. ஆனால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. அதன் பிறகு புதுச்சேரியின் நிர்வாகம். எல்லைப் பலகையைத் தாண்டினால் சில விதிகள் மாறிவிடும். பெரிய நிலத்துக்குள் ஒரு சிறு நிலம் தன் விதிகளோடு இருப்பது எங்களுக்குப் புதிதன்று. 2013-இல் கனடாவில் பிறந்த 'ஆட்கிராஃப்ட்' அப்படிப்பட்ட ஒரு நிலம்தான்.

மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். கனசதுரக் கட்டிகளை வெட்டி எடுத்து, அடுக்கி, எதையும் கட்டலாம். விதிகள் மாறுவதில்லை. மரத்தின் அடிக்கட்டையை வெட்டினால் மேல்மரம் அந்தரத்தில் நிற்கும். பௌதிக ஆசிரியனுக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனால் எல்லா மரமும், எல்லா நாளும், அப்படியேதான் நிற்கும்! ஆட்டிசமுடைய பிள்ளைகள் பலர் இதை விரும்பி விளையாடினார்கள். பொதுத் தளங்களிலோ மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். நாள்கணக்கில் கட்டியதை ஒரு நொடியில் இடித்தார்கள். பெற்றோர்கள் இதைச் சொல்லி வருந்தியதைக் கண்ட ஸ்டூவர்ட் டங்கன் என்பவர், ஆட்டிசமுடையவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டுமான ஒரு தளத்தைத் திறந்தார். அவரும் ஆட்டிசமுடையவர், அவர் மகனும் அப்படியே. ஓரிரு நாள்களிலேயே நூற்றுக்கணக்கானோர் இடம் கேட்டு எழுதினார்கள். வசை இல்லை, திருட்டு இல்லை, பிறர் கட்டியதை இடித்தல் இல்லை என்பவை அங்கே எழுதி வைத்த விதிகள். வெளியுலகில் விதிகள் எழுதப்படுவதில்லை. மீறிய பிறகே நமக்குத் தெரிவிக்கப்படுகின்றன.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் கேட் ரிங்லாண்ட் அந்தத் தளத்துக்குள்ளேயே நெடுநாள் இருந்து பார்த்து எழுதினார். அமைதி தேவைப்படும்போது ஒதுங்குவதற்கென்று அங்கே தனி அறைகள் கட்டப்பட்டிருந்தன. மனம் கலங்கியவர் அங்கே போய்ச் சற்று இருந்துவிட்டுத் திரும்பலாம். துயரத்தை ஒருவர் எழுதினால், முன்பின் பார்த்திராத பிள்ளைகள் ஆறுதல் எழுதினார்கள். புற உலகச் சிந்தனை அற்றவர்கள் செய்கிற காரியமா இது?

2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிசமுடைய பிரிட்டிஷ் சமூகவியலர் ஒரு கருத்தைச் சொன்னார். குறை ஒரு பக்கம் இல்லை. இரு வகை மனிதர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்றார். எடின்பரோவில் கேதரின் கிராம்ப்டனும் குழுவினரும் இதைச் சோதித்தனர். காதோடு காதாகக் கதை கடத்தும் விளையாட்டை ஆடியிருப்பீர்கள். எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் அதையே செய்தனர். 2020-இல் வெளியான முடிவு: ஆட்டிசமுடையவர்கள் மட்டும் இருந்த சங்கிலி, மற்றவர்கள் மட்டும் இருந்த சங்கிலிக்குச் சற்றும் குறையாமல் கதையைக் கடத்தியது, இருவகையினரும் கலந்த சங்கிலியில்தான் கதை அதிகம் சிதைந்தது. 2025-இல் வெளிவந்த பெரிய சோதனையில் கலந்த சங்கிலியின் அந்தக் குறை தென்படவில்லை. ஆனால், ஆட்டிசமுடையவர்கள் தமக்குள் செய்தி கடத்துவதில் குறைந்தவர்கள் அல்லர் என்பது இரண்டிலும் நின்றது.

சென்னையில் நடந்தது இதே வரலாற்றின் வேறொரு கிளை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் என்ற நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படங்களைத் தொட்டால் கருவி குழந்தைக்காகப் பேசும். 2010-இல் தேசிய விருது கிடைத்தது. பின்னர் அது பலகைக் கணிப்பொறியில் ஓடும் செயலியாயிற்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளும் சேர்ந்தன. இது மெய்நிகர் உலகம் அன்று. ஆயினும் அடிப்படை அதுவேதான்: காற்றில் கரைந்துபோகும் சொல்லைக் கண்முன் நிறுத்திவைப்பது, எடுத்துக்கொள்ள நேரம் தருவது. மைன்கிராஃப்டுக்குள் தமிழ்ப் பிள்ளை நுழைந்தால் சந்திக்கும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமே. ஆட்கிராஃப்ட் போன்ற ஒரு தமிழ்த் தீவு இருந்தால் நம் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் குடியேறுவார்கள் என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன்.

சட்டமும் மெதுவாகவே வந்தது. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் 21 வகைகளுள் ஒன்றாக முழு உரிமைகளோடு அமர்ந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செய்முறைத் தேர்வில் கம்பிச்சுற்றை மற்றவர்களைவிடச் சுத்தமாக இணைப்பான். வாய்மொழிக் கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். 'தெரியவில்லை' என்றுதான் நான் மதிப்பெண் போட்டேன். 2020-இல் கொரோனாவால் வகுப்புகள் திரைக்குப் போயின. ஒருநாள் நான் வாயால் கேட்ட கேள்விக்கு, திரையின் ஓரத்தில் எழுத்தில் பதில் வந்தது. இரண்டு நிமிடம் கழித்து வந்தது. ஆனால் முழுமையாக, என் விளக்கத்தில் இருந்த ஒரு பிழையையும் சுட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன்தான் வகுப்பில் அதிகம் 'பேசினான்'. கல்லூரி மீண்டும் திறந்தது. அவன் மறுபடி மேசையைப் பார்த்தான். அப்போதாவது நான் அவனிடம் ஒரு தாளை நீட்டி எழுதச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. மருத்துவர் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னது அவன் படிப்பு முடிந்து போன பிறகுதான்.

இப்போதும் எனக்கு எழுதுகிறான். சென்ற மாதம் மைன்கிராஃப்டில் தான் கட்டிய ஊரின் படத்தை அனுப்பினான். அரசலாறு கடலில் கலக்கும் இடம், படகுகள், கடற்கரை, கலங்கரை விளக்கம் எல்லாம் கட்டிகளில் நிற்கின்றன. அந்த விளையாட்டில் 'ரெட்ஸ்டோன்' என்ற பெயருடைய ஒரு துகளால் மின்சுற்றுப் போலச் சுற்று அமைக்கலாம். அதைக் கொண்டு விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்திருந்தான். "சார், இங்கே ஒரு துடிப்பு 0.1 விநாடி. நம்ம ஊர் விளக்கு எத்தனை விநாடிக்கு ஒரு தடவை மின்னுது? சரியா வேணும்" என்று கேட்டிருந்தான்.

இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை. அன்று மாலை ஆய்வுக்கூடத்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.