வால் நட்சத்திரம் வந்தால் ஆபத்தா? எட்டயபுரத்து பாரதி 1910-லேயே எழுதியது என்ன? வெறும் கண்ணால் பார்ப்பது எப்படி?

வானத்தில் பிரகாசமான வால் நட்சத்திரம் தெரியப்போகிறது என்று செய்தி வந்தால் போதும். "நாட்டுக்கு ஆகாது", "ராத்திரி வெளியே வராதீங்க" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும் பின்னாலேயே வந்துவிடும். இந்தப் பயம் புதுசு இல்லை. 1910-ல் உலகின் பல நாடுகளில் இதே பீதி இருந்தது. அப்போது, எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அந்த வால் நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார்.

1910-ல் என்ன நடந்தது?

சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஹாலி வால் நட்சத்திரம், 1910 ஏப்ரல் 20-ம் தேதி சூரியனை நெருங்கியது. அதன் வாலில் சயனோஜென் என்ற விஷ வாயு இருப்பது தெரியவந்தது. மே 18, 19 வாக்கில் பூமி அந்த வாலுக்குள் புகுந்து வெளியே வரும் என்றும் கணிக்கப்பட்டது. அவ்வளவுதான், பீதி கிளம்பிவிட்டது. அமெரிக்காவில் "வால் நட்சத்திர மாத்திரை" என்று விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு.

கடைசியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காரணம், பார்க்கப் பல கோடி கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் அந்த வால் மிக மிக மெல்லியது. நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட வெற்றிடம். கொடைக்கானல் வானாய்வகத்தில் இருந்தவர்கள் அந்த நாட்களில் ஹாலியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாரதி எழுதியது என்ன?

பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். கவிதையின் பெயர் "சாதாரண வருஷத்துத் தூமகேது". இங்கே "சாதாரண" என்றால் 'ஆர்டினரி' என்று அர்த்தம் இல்லை. அது 60 தமிழ் ஆண்டுகளில் 44-வது ஆண்டின் பெயர். 1910 ஏப்ரலில் பிறந்தது அந்த ஆண்டுதான். தூமகேது என்பது வால் நட்சத்திரத்தின் பழைய பெயர்.

கிழக்கே வெள்ளிக்குப் பக்கத்தில் அது தெரிந்ததை பாரதி பதிவு செய்கிறார். 75 ஆண்டுக்கு ஒருமுறை வரும், வால் பூமியைத் தொட்டாலும் ஏழைகளுக்குக் கெடுதல் இல்லை என்று அறிந்தவர்கள் சொல்வதையும் எழுதுகிறார். ஊரில் பேசப்பட்ட பலன்களை, இது நிஜமா பொய்யா என்று கேள்வியாகவே வைக்கிறார்.

அவருக்கு வருத்தம் வேறு ஒன்றில்தான். நம் நாட்டு நூல்களை நாமே மறந்துவிட்டோம், வால் நட்சத்திரம் பற்றி அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம் என்பதே அந்த வருத்தம்.

வால் நட்சத்திரம் என்பது என்ன?

பெயரில் நட்சத்திரம் இருந்தாலும் இது நட்சத்திரம் இல்லை. பனியும் தூசியும் கலந்த கட்டி. ஹாலியின் கரு சுமார் 15 கி.மீ. நீளம்தான். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியோடு வெளியேறும். அதுதான் வால். அது எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீளும்.

சர்ரென்று கோடு போட்டு மறைவது எரிநட்சத்திரம். வால் நட்சத்திரம் அப்படி ஓடாது. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும்.

எட்டயபுரம், தூத்துக்குடியில் எங்கிருந்து பார்க்கலாம்?

வால் நட்சத்திரம் நன்றாக ஒளிர்வது பெரும்பாலும் சூரியனுக்கு அருகில் இருக்கும்போதுதான். அதனால் நடுராத்திரியில் தலைக்கு மேலே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். விடியலுக்கு முன் கிழக்கே, அல்லது சூரியன் மறைந்த பின் மேற்கே, அடிவானத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். 2024-ல் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் செப்டம்பர் கடைசியில் விடியற்காலையில் கிழக்கேயும், அக்டோபர் நடுவில் மாலையில் மேற்கேயும் தெரிந்தது.

* விடியற்காலை என்றால்: தூத்துக்குடி கடற்கரை நல்ல இடம். கிழக்கே கடல் என்பதால் மறைப்பு இல்லை. துறைமுக விளக்குகள் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள்.

* மாலை என்றால்: எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகள் வசதி. தரை சமமாக இருப்பதால் மேற்கு அடிவானம் வரை பார்க்க முடியும். ஊர் விளக்குகளைத் தாண்டி நின்றால் போதும்.

* நேரம் முக்கியம்: நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. சீக்கிரம் இருட்டிவிடும். சூரியன் மறைந்து 30 முதல் 60 நிமிடத்துக்குள் தேடுங்கள். தாமதித்தால் வால் நட்சத்திரமும் இறங்கிவிடும்.

* உயரம் அளக்க: கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் சுமார் 10 டிகிரி. "அடிவானத்திலிருந்து 10 டிகிரி" என்று செய்தியில் வந்தால் ஒரு முஷ்டி உயரம்.

* கண்ணுக்கு: 15, 20 நிமிடம் செல்போனைப் பார்க்காமல் இருங்கள். மங்கலான பஞ்சுப்பொதி போல ஏதாவது பட்டால், அதற்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். ஓரக்கண்ணுக்கு மங்கலான ஒளி நன்றாகத் தெரியும்.

* கருவிகள்: 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். சூரியன் முழுதாக மறையும் முன்பும், உதித்த பிறகும் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண் பறிபோகும். போனில் எடுக்க ஸ்டாண்டில் பொருத்தி நைட் மோடு போடுங்கள்.

இணையத்தில் வரும் படங்களைப் போலவே கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேமரா பல நொடிகள் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்கள் அவை.

ஹாலி மறுபடி எப்போது?

1986-ல் வந்து போன ஹாலி, அடுத்து சூரியனை நெருங்குவது 2061 ஜூலையில். அதுவரை காத்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. ஹாலி விட்டுச் சென்ற தூசிக்குள் பூமி ஆண்டுக்கு இரண்டு முறை நுழைகிறது. மே முதல் வாரத்திலும், அக்டோபர் 21-ஐ ஒட்டியும் எரிநட்சத்திரங்கள் விழும். அக்டோபரில் நமக்கு மழை மேகம் குறுக்கே வரலாம். மே மாதம், அதிகாலை 3 மணிக்கு மேல், கிழக்கு வானம் தெரிய மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் போதும். பாரதி பார்த்த தூமகேதுவின் துகள்கள்தான் அவை.