பணியிடப் போட்டிக் காதல்

ஒரே பதவிக்கோ பாராட்டுக்கோ முட்டிமோதும் இருவர் காதலர்களாகும் புனைகதை வகை. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஸ் லாஸ்லோவின் 'பார்ஃபியூமெரி' (1937) இதற்கு நல்ல முன்னோடி: கடையில் ஓயாமல் சண்டைபிடிக்கும் இரு ஊழியர்கள், ஆள் தெரியாமலே கடிதத்தில் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதைத் திரைப்படமாக்கினார். சிறுகதைக்கு இவ்வகை வாகானது. பகையும் உறவும் ஒரே அறைக்குள் அடங்கிவிடும், ஊர் சுற்ற வேண்டியதில்லை.

ஆனால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் புனைவில் காதல் வேறு மண்ணில் முளைத்தது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பில் நிகழும் நாவல். அதன் நாயகன் கதிராமனின் போட்டி காட்டோடுதான். மேலதிகாரியும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. இன்று அதே வன்னியின் கிளிநொச்சியில் கந்தோர்களும் ஆடைத் தொழிற்சாலைகளும் உண்டு. ஒரே கதிரைக்கு இருவர் முறைத்துக்கொள்ளும் கதைக்கு அங்கே களம் போதும்.