லேசர் டேக்: ஓடிப்பிடித்து விளையாட்டு வியாபாரமான கதை

ஓடிப்பிடித்து விளையாடாத குழந்தை உலகத்தில் உண்டா? செலவே இல்லாத விளையாட்டு அது. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். நாலு பேரும் ஒரு தெருவும் போதும். இதில் ஒரே ஒரு தொல்லைதான்.

"தொட்டுட்டேன், நீ அவுட்!"

"எங்க தொட்ட? சட்டையிலகூடப் படல!"

இந்தச் சண்டை தீராமல் எத்தனையோ ஆட்டங்கள் பாதியில் நின்றிருக்கின்றன. இதற்கு மின்னணு முறையில் ஒரு தீர்வைக் கண்டுபிடித்து, அதைக் காசாக்கி, பெரிய பிராண்டாக வளர்த்து, கடைசியில் அந்த பிராண்டைக் கோட்டை விட்டவர்களின் வரலாறுதான் லேசர் டேக்கின் வரலாறு. வணிகவியல் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஒரு சினிமாவில் தொடங்கியது

1977ல் 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளிவந்தது. ஒளியைப் பாய்ச்சும் துப்பாக்கிகளோடு ஆட்கள் ஓடி ஒளிந்து சண்டை போடுவதை உலகமே வாய் பிளந்து பார்த்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் கார்ட்டர் என்பவருக்கு மட்டும் வேறொரு யோசனை வந்தது. பார்ப்பதற்கே இவ்வளவு கூட்டம் வருகிறது என்றால், உள்ளே இறங்கி விளையாட விட்டால் எவ்வளவு கூட்டம் வரும்?

ஒளியால் சுடுவது அப்போது புதிய விஷயம் இல்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவம் 'மைல்ஸ்' என்ற பயிற்சி முறையை உருவாக்கியது. வீரரின் துப்பாக்கியிலிருந்து குண்டுக்குப் பதிலாக லேசர் கதிர் பாயும். எதிரே இருப்பவரின் உடையில் உள்ள உணர்கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். 1979ல் 'ஸ்டார் ட்ரெக்' படத்தை ஒட்டி, ஒளியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பொம்மைத் துப்பாக்கிகளும் கடைக்கு வந்தன. ஆக தொழில்நுட்பம் இருந்தது, பொம்மையும் இருந்தது. விளையாடுவதற்கு ஒரு இடமும், கூட விளையாட ஒரு கூட்டமும்தான் இல்லை.

ஃபோட்டான்

1984 மார்ச் 28 அன்று டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில் கார்ட்டரின் 'ஃபோட்டான்' மையம் திறக்கப்பட்டது. ஆடுபவர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொள்ள வேண்டும். மார்பில் ஒரு உணர்கருவி, இடுப்பில் பேட்டரி பெல்ட், கையில் துப்பாக்கி. சிவப்பு அணி, பச்சை அணி என்று இரண்டு அணிகள். எதிரியைச் சுட்டால் புள்ளி ஏறும், சுடப்பட்டால் இறங்கும். எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். 'தொட்டேன், தொடலை' சண்டைக்கு அங்கே இடமே இல்லை!

பெயரில்தான் 'லேசர்' ஒட்டிக்கொண்டதே தவிர, இப்படிப்பட்ட விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நம் வீட்டு டிவி ரிமோட்டில் இருப்பதும் அதேதான்.

கார்ட்டரின் உண்மையான சாமர்த்தியம் கருவியில் இல்லை. முதல்முறை வருபவர் உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். அதில் தனக்கென்று ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெயரோடு புள்ளிகள் திரையில் வரும். பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பையன் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வீரன் ஆகிவிடலாம். பெயர் கிடைத்த இடத்துக்கு மறுபடி வராமல் இருப்பார்களா? விளையாடாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. மேல்தளத்தில் நின்று, காசு போட்டு, கீழே ஓடுபவர்களைச் சுடலாம்.

கிளைகள் பெருகின. 1986ல் 'ஃபோட்டான்' என்ற பெயரிலேயே தொலைக்காட்சித் தொடர் வந்தது. நாவல்கள் வந்தன. வீட்டில் விளையாடும் பொம்மையும் வந்தது.

ஒரே கிறிஸ்துமஸில் முந்திய போட்டியாளர்

அதே 1986ல் களத்தில் குதித்தது 'வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்' என்ற பொம்மை நிறுவனம். முந்தைய ஆண்டுதான் 'டெடி ரக்ஸ்பின்' என்ற பேசும் கரடியை விற்றுச் சக்கைப்போடு போட்டிருந்தார்கள். இப்போது 'லேசர் டேக்' என்ற பெயரில் ஒரு துப்பாக்கியையும் உணர்கருவியையும் கொண்டுவந்தார்கள். 'லேசர்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'இஸட்' போட்டு எழுதியதில் தனி பிராண்டுப் பெயரும் ஆயிற்று. என்பிசி தொலைக்காட்சியில் 'லேசர் டேக் அகாடமி' என்ற கார்ட்டூன் தொடரும் ஓடியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் குழந்தைகள் அதிகம் கேட்ட பொம்மைகளில் அதுவும் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மையத்துக்குப் போகிறவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பணம் தருகிறார். பொம்மை வாங்குகிறவர் ஒரே ஒருமுறைதான் தருகிறார். அதைவிட முக்கியம், ஒருவர் மட்டும் பொம்மை வாங்கி என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பையனும் வாங்கினால்தான் ஆட்டம். அவன் வாங்காவிட்டால் பெட்டி பரணுக்குப் போகும். மையமோ எதிராளியையும் சேர்த்தே தருகிறது.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. மையத்துக்கு நான்கு சுவர் உண்டு. உள்ளே நடப்பது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். பொம்மைக்குச் சுவர் கிடையாது.

1987 ஏப்ரல்

கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்கா நகரில் ஓர் இரவு, ஒரு பள்ளி வளாகத்தில் சில இளைஞர்கள் லேசர் டேக் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆயுதத்தோடு ஆட்கள் நடமாடுவதாக எண்ணி போலீஸ் வந்தது. இருட்டில் அவர்களில் ஒரு 19 வயது இளைஞர், வந்தது போலீஸ் என்று தெரியாமல், பொம்மைத் துப்பாக்கியை நீட்டினார். வெளிச்சம் பளிச்சிட்டது. உண்மையான துப்பாக்கி என்று நினைத்த காவலர் சுட்டுவிட்டார். அந்த இளைஞர் இறந்துபோனார்.

இரண்டு பக்கமும் ஏமாந்துபோன ஒரு நொடி அது. பொம்மைத் துப்பாக்கி நிஜம்போல் இருக்கலாமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. இதுபோன்ற சம்பவங்களின் பின்னணியில் 1988ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நிஜம்போல் இருக்கும் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்றது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் அந்த ஆரஞ்சு முனைக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

பெயர் போனது, ஆட்டம் போகவில்லை

1987 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. ஏற்கெனவே கடனில் தத்தளித்த வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர், அந்த டிசம்பரில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. ஃபோட்டானும் தப்பவில்லை. பெரிய கட்டடம், வாடகை, சம்பளம் எல்லாம் மோகம் இருக்கும்வரைதான் கட்டுப்படியாகும். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் சிலர் இதே யோசனையைப் புதிதாகச் செய்தார்கள். பெர்த் நகரில் தோன்றிய 'குவேசார்', பிறகு 'க்யூ-ஸார்' என்ற பெயரில் 1990களில் பல நாடுகளுக்குப் பரவியது. கனமான தலைக்கவசம் போய் லேசான மேலங்கி வந்தது. புகை, இருட்டு, ஒளிரும் சுவர்கள் வந்தன. க்யூ-ஸாரும் பின்னர் சரிவைச் சந்தித்தது. அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. மைய உரிமையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆட்டக்காரர்கள் லீக் நடத்தினார்கள். முதன்முதலில் வழி காட்டிய ஜார்ஜ் கார்ட்டரையும் அவர்கள் மறக்காமல் கௌரவித்தார்கள்.

நம்மூரில் எந்த வனஸ்பதியையும் 'டால்டா' என்று சொல்வதுபோல, இன்று எந்த நிறுவனத்தின் மையமாக இருந்தாலும் மக்கள் 'லேசர் டேக்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நிறுவனம் விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தின் பலனைப் பின்னால் வந்த எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள்!

இதில் பாடம் என்ன? பெட்டியை விற்றவர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கிடைத்தது. கூட்டத்தைச் சேர்த்தவருக்கும் லாபம் நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சேர்த்த விதம் நிலைத்துவிட்டது. வாடிக்கையாளருக்கு ஒரு பெயரும், அந்தப் பெயரை அறிந்த நாலு பேரும் கிடைத்துவிட்டால், நிறுவனம் போன பிறகும் அவர்கள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்த முறை ஏதாவது ஒரு மாலில் லேசர் டேக் விளையாடப் போனால் கவனித்துப் பாருங்கள். மேலங்கியை மாட்டுவதற்கு முன், "என்ன பேர் போடட்டும்?" என்று கவுண்டரில் இருப்பவர் கேட்கக்கூடும். 1984ல் டல்லாஸில் கேட்டதும் இதையேதான்.